எந்த நாட்டின் சட்டையை அணிவது? உச்ச வீரர்களின் முன்னுள்ள வழிகள்

2014 செப்டம்பர் 8 அன்று வாலென்சியா நகரில் நடந்த யூரோ கோப்பைக் கால்பந்துத் தகுதிச்சுற்று ஆட்டத்தில் ஸ்பெயின் அணி மாசிடோனியாவை 5-1 என்ற கணக்கில் வென்றது. வெற்றி உறுதியாகிவிட்ட நிலையில், 77ஆவது நிமிடத்தில், முனிர் எல் ஹத்தாதி என்ற 19 வயது இளைஞரை மாற்று வீரராக இறக்கினார்கள். ஸ்பெயினில் பிறந்து வளர்ந்த மொராக்கோ வம்சாவளியினர் அவர். அன்று அவர் ஆடியது 13 நிமிடங்கள். ஸ்பெயினின் சீனியர் அணியில் அதன் பிறகு அவர் ஒருமுறைகூடக் களமிறங்கவில்லை. குடும்பத்தின் பூர்வீக நாட்டுக்கு ஆட அவர் விரும்பியபோது அந்த 13 நிமிடங்கள் குறுக்கே நின்றன. தகுதிச்சுற்று என்பது அதிகாரபூர்வப் போட்டி என்பதால் அவர் ஸ்பெயினுக்கே உரியவர் என்றது அன்றைய விதி. 2018 உலகக் கோப்பைக்கு முன்பு விளையாட்டுக்கான நடுவர் மன்றம் வரை சென்றும் பலனில்லை. 2020இல் ஃபிஃபா விதியைத் தளர்த்திய பின்னர், 2021இல்தான் மொராக்கோவின் சட்டை அவருக்குக் கிடைத்தது.

ஒரு வீரர் எந்த நாட்டுக்காக ஆடுவது என்ற பேச்சு எழுந்தாலே, அது நாட்டுப்பற்றுக்கும் பணத்துக்கும் இடையிலான வழக்காக மாறிவிடுகிறது. அந்த இரண்டும் முடிவில் பங்கு வகிக்கின்றன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நாடு மாறியவர்கள், மாறாமல் நின்றவர்கள் ஆகியோரின் வாழ்க்கையை அருகில் வைத்துப் பார்த்தால், காலம் என்ற கணக்கே எல்லாவற்றுக்கும் மேலாக நிற்பது தெரிகிறது. உச்ச நிலையில் ஒரு தடகள வீரருக்குக் கிடைப்பது எட்டு, பத்து ஆண்டுகள். அதற்குள் வருவது இரண்டு ஒலிம்பிக், மிஞ்சினால் மூன்று. நாடு மாறுவதற்கான காத்திருப்பு அதில் மூன்று ஆண்டுகளை எடுத்துக்கொண்டால், ஊதியமாகக் கிடைக்கும் எந்தத் தொகையும் அதை ஈடுசெய்யாது. ஆகவே ஒவ்வொரு வழியையும், அது எத்தனை ஆண்டுகளைத் தருகிறது, எத்தனை ஆண்டுகளைப் பறிக்கிறது என்ற அளவுகோலால்தான் நான் ஒப்பிடுகிறேன்.

விதிகளை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் ஒரே முடிவு ஒரு விளையாட்டில் எளிதாகவும் இன்னொன்றில் மீளமுடியாததாகவும் இருக்கிறது. ஒலிம்பிக் சாசனத்தின் 41ஆவது விதிப்படி, ஒருவர் எந்த நாட்டின் சார்பில் போட்டியிடுகிறாரோ அந்த நாட்டின் குடிமகனாக இருக்க வேண்டும். ஏற்கெனவே வேறொரு நாட்டுக்காகப் போட்டியிட்டிருந்தால் கடைசிப் போட்டியிலிருந்து மூன்று ஆண்டுகள் கழிய வேண்டும். சம்பந்தப்பட்ட தேசிய ஒலிம்பிக் கமிட்டிகளும் அந்த விளையாட்டின் சர்வதேச சம்மேளனமும் ஒப்புக்கொண்டால் அந்தக் காலம் குறைக்கப்படலாம். இந்தச் சிறு விலக்கில்தான் பழைய நாட்டின் கையில் பெரும் அதிகாரம் இருக்கிறது. கால்பந்திலோ, 21 வயதுக்கு முன் மூன்று அதிகாரபூர்வ சீனியர் ஆட்டங்களுக்கு மேல் ஆடாதவர், உலகக் கோப்பை அல்லது கண்டக் கோப்பையின் இறுதிப் போட்டித் தொடரில் ஆடாதவர், கடைசி ஆட்டத்திலிருந்து மூன்று ஆண்டுகள் கழிந்தபின் மாறலாம் என்பது 2020க்குப் பிந்தைய நிலை. நட்புரீதியான ஆட்டங்கள் யாரையும் கட்டிப்போடுவதில்லை. ரக்பியில் வசிப்பிடத்தின் மூலம் தகுதி பெறுவதற்கான காலம் 36 மாதங்களிலிருந்து 60 மாதங்களாக உயர்த்தப்பட்டது. கூடைப்பந்தில் 16 வயதுக்குப் பிறகு குடியுரிமை பெற்ற வீரர் ஒரு தேசிய அணியில் ஒருவர் மட்டுமே இருக்கலாம்.

தடகளத்தில் நிலைமை முற்றிக் கைமீறிப் போனதால், 2017 பிப்ரவரியில் சர்வதேச சம்மேளனம் நாடு மாற்றத்தையே நிறுத்தி வைத்தது. 2018இல் மீண்டும் அனுமதித்தபோது, மூன்று ஆண்டுக் காத்திருப்பு கட்டாயம், 20 வயதுக்கு முன் மாற முடியாது, ஒருமுறைதான் மாறலாம், புதிய நாடு முழுமையான குடியுரிமையைத் தருகிறது என்பதற்குச் சான்று வேண்டும் என்ற நிபந்தனைகளை வைத்தது. கடைசி நிபந்தனை எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. கையில் கடவுச்சீட்டு இருந்தும், ஓட்டம் நின்றபிறகு அந்த நாட்டில் உரிமையோடு வாழ வழியில்லாத நிலையில் சிலர் விடப்பட்டிருந்தார்கள் என்பதால்தான் அப்படியொரு சான்றைக் கேட்கும் தேவையே வந்தது.

முதல் வழி, பிறந்த நாட்டிலேயே நிற்பது. சொல்லும்போது இது இயல்பானதாகத் தோன்றினாலும், தன் விளையாட்டில் தன் நாடு உலகின் உச்சியில் இருந்தால் இதுவே மிகக் கடினமான வழி. ஒலிம்பிக் தடகளத்தில் ஒரு போட்டிக்கு ஒரு நாட்டிலிருந்து அதிகபட்சம் மூன்று பேர். தடைகளையும் நீர்க்குழியையும் தாண்டி ஓடும் ஸ்டீபிள்சேஸில், ஆண்களுக்கான 3,000 மீட்டர் பிரிவில், 1984 முதல் 2016 வரை எல்லா ஒலிம்பிக் தங்கங்களையும் கென்யாவே வென்றது. 1992, 2004 ஆகிய ஆண்டுகளில் மூன்று பதக்கங்களும் அதற்கே. அப்படியென்றால் உலகின் நான்காவது சிறந்த வீரர் கென்யர் என்ற ஒரே காரணத்துக்காக வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் போட்டியைப் பார்க்க நேரிடும். மேசைப்பந்தில் சீனாவின் நிலையும் இதுவே. 2008 பெய்ஜிங்கில் ஆண், பெண் ஒற்றையர் பதக்கங்கள் ஆறையும் சீனாவே அள்ளிய பிறகு, 2012 முதல் ஒற்றையரில் நாட்டுக்கு இருவர் என்று வரம்பு வந்தது. மற்றவர்களுக்கு வாய்ப்புத் தரவே அந்த வரம்பு. அது சீன வீரர்களை வெளியே தள்ளும் காற்றாகவும் ஆனது. 1983இல் சீனாவுக்காக உலகச் சாம்பியனான ஷாங்காய்க்காரர் நி ஷியாலியன், லக்சம்பர்க்கில் குடியேறி, 61 வயதில் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அந்த நாட்டுக்காக ஆடினார். சீனாவில் நின்றிருந்தால் அவருடைய ஆட்டக்காலம் எப்போதோ முடிந்திருக்கும். இத்தகைய இடம்பெயர்வு பெருகியதால்தான், 21 வயதைக் கடந்தபின் நாடு மாறுபவர் உலகப் பட்டப் போட்டிகளில் புதிய நாட்டுக்கு ஆட முடியாது என்று 2008இல் மேசைப்பந்துச் சம்மேளனம் விதி கொண்டுவந்தது.

அமெரிக்கக் கூடைப்பந்து வீராங்கனை பெக்கி ஹேமன் இதே நெருக்கடியைச் சந்தித்தவர். தொழில்முறை லீகில் முன்னணியில் இருந்தும் அமெரிக்க ஒலிம்பிக் அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. மாஸ்கோ கிளப் ஒன்றில் ஆடிவந்த அவர் ரஷ்யக் குடியுரிமை பெற்று, 31 வயதில், 2008 பெய்ஜிங்கில் ரஷ்யாவுக்காக வெண்கலம் வென்றார். சொந்த நாட்டில் அவரைக் கடுமையாகச் சாடினார்கள். தேர்வு செய்யாத நாடு அவர் வேறொரு நாட்டுக்கு ஆடியதற்காகக் கோபப்பட்டதில் எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

இதற்கு நேர் எதிரான நிலை, நாடு சிறியதாக இருப்பது. இங்கே இடம் உறுதி, மேடைதான் இல்லை. கிரிக்கெட்டில் அயர்லாந்துக்கு 2017 வரை டெஸ்ட் தகுதி கிடையாது. டப்ளினில் பிறந்த ஓயின் மோர்கன் 2006இல் அயர்லாந்துக்காகத் தன் முதல் ஒருநாள் ஆட்டத்தில் 99 ரன் எடுத்தவர். 2007 உலகக் கோப்பையில் அந்நாட்டுக்கு ஆடியவர். எவ்வளவு அடித்தாலும் டெஸ்ட் என்ற கதவு அந்தச் சட்டைக்குத் திறக்காது என்பதால் 2009இல் இங்கிலாந்துக்குப் போனார். பத்தாண்டு கழித்து, 2019இல், லார்ட்ஸில் உலகக் கோப்பையைத் தூக்கிய இங்கிலாந்து அணித்தலைவர் அவர்தான். அதே டப்ளின் வட்டாரத்திலிருந்து அவருக்கு முன்பே இங்கிலாந்துக்குச் சென்ற எட் ஜாய்ஸுக்கோ காலம் வேறுவிதமாக அமைந்தது. 2007 உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு ஆடியும், இங்கிலாந்தின் டெஸ்ட் தொப்பி அவருக்குக் கிடைக்கவே இல்லை. அவரிடம் பின்னால் திரும்பி வருகிறேன்.

பெரிய மேடைக்குப் போகும் இந்த வழியில் ஓர் ஆபத்து இருக்கிறது. போகிறவர் அங்கே முதல் பதினொருவரில் நிலைத்திருப்பார் என்ற உறுதி இல்லை. கூடைப்பந்து நட்சத்திரம் ஜோயல் எம்பீட் போன்ற ஒருவருக்கு அந்தக் கவலை கிடையாது. கேமரூனில் பிறந்த அவருக்கு பிரான்ஸ், அமெரிக்கா ஆகிய இரு நாடுகளின் குடியுரிமையும் 2022இல் கிடைத்தது. பிரெஞ்சு அணி அவரை வெகுவாக எதிர்பார்த்துக் காத்திருந்தது. 2023 அக்டோபரில் அவர் அமெரிக்காவைத் தேர்ந்தார். மறு ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் பந்து அவர் கைக்கு வரும்போதெல்லாம் அரங்கம் கூச்சலிட்டது; இறுதியில் பிரான்ஸை 98-87 என்று வென்று தங்கம் பெற்றார். இடம் உறுதியானவருக்குப் பெரிய அணி நல்ல முடிவு. இடம் உறுதியில்லாத 19 வயதுக்காரருக்கு அதே முடிவு முனிரின் 13 நிமிடங்களாகவும் முடியலாம்.

அடுத்தது, பிறந்து வளர்ந்த நாட்டுக்கும் பெற்றோர் விட்டுவந்த நாட்டுக்கும் இடையிலான தேர்வு. மனித உறவுகள் மிக நெருக்கமாகப் பிணைந்திருப்பது இங்குதான் என்பதால் இதில் சற்று நின்று பேச வேண்டும். பெர்லினில் பிறந்த, ஒரே தந்தையின் பிள்ளைகளான கால்பந்து வீரர்கள் ஜெரோம் போவாட்டெங், கெவின்-பிரின்ஸ் போவாட்டெங் இருவரில் ஒருவர் ஜெர்மனிக்கும் மற்றவர் கானாவுக்கும் ஆடினர். 2010, 2014 என இரண்டு உலகக் கோப்பைகளில் எதிரெதிராக நின்றார்கள். யூரோ 2016இல் பிரான்ஸின் லான்ஸ் நகரில் சுவிட்சர்லாந்துக்காக கிரனித் ஷாகாவும் அல்பேனியாவுக்காக அவருடைய அண்ணன் தௌலந்த் ஷாகாவும் மோதியபோது, அவர்களின் தாய் பாதி சுவிட்சர்லாந்துக் கொடியும் பாதி அல்பேனியக் கொடியும் கொண்ட சட்டையை அணிந்து பார்வையாளர் வரிசையில் இருந்தார். ஒரே வீடு, ஒரே உணவு, ஒரே பயிற்சி. முடிவு மட்டும் இரண்டு. இதைப் பார்த்த பிறகும் இவர்களில் ஒருவர் பற்றுள்ளவர், மற்றவர் பற்றில்லாதவர் என்று பிரிக்க யாருக்கு மனம் வரும் என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த வகைத் தேர்வில் கூட்டாக ஒரு நாடு என்ன சாதிக்கலாம் என்பதை 2022 கத்தார் உலகக் கோப்பையில் மொராக்கோ காட்டியது. அந்த அணியின் 26 பேரில் 14 பேர் மொராக்கோவுக்கு வெளியே பிறந்தவர்கள். மாட்ரிடில் பிறந்த அஷ்ரஃப் ஹக்கிமி, ஸ்பெயினுக்கு எதிரான ஆட்டத்தில் அந்நாட்டை வெளியேற்றிய கடைசிப் பெனால்டியை மெதுவாகத் தட்டி உள்ளே அனுப்பினார். அரையிறுதியை எட்டிய முதல் ஆப்பிரிக்க அணி என்ற பெயர் மொராக்கோவுக்குக் கிடைத்தது. பெற்றோரின் நாட்டுக்கு ஆடுவது என்றால் சிறிய கனவோடு அமைதி கொள்வது என்று முன்பு பலர் நினைத்திருந்தார்கள். அந்த எண்ணம் அந்தத் தொடரோடு பெரிதும் மாறிவிட்டது.

பிறந்த நாட்டைத் தேர்ந்தவர்களுக்கு வேறொரு பாரம் உண்டு. கெல்சன்கிர்ஷனில் பிறந்த மெசுத் ஓசில் 2014இல் ஜெர்மனிக்காக உலகக் கோப்பை வென்றவர். 2018இல் அணி முதல் சுற்றிலேயே வெளியேறிய பின் விலகியபோது, வென்றால் நான் ஜெர்மானியன், தோற்றால் குடியேறியவன் என்ற பொருள்பட அவர் எழுதினார். அந்த வாக்கியத்தை வெறும் ஆற்றாமை என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு நாட்டைத் தேர்கிற இளைஞர், அந்த நாடு தன்னைத் தோல்வியிலும் தன் ஆளாகவே வைத்திருக்குமா என்று கேட்டுப் பார்ப்பது அவசியம். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக் இதைச் சில நாட்களுக்குள் அருகருகே காட்டிவிட்டது. சான் பிரான்சிஸ்கோவில் பிறந்து 2019இல் சீனாவுக்கு மாறிய எய்லீன் கு பனிச்சறுக்கில் இரண்டு தங்கமும் ஒரு வெள்ளியும் வென்று சீனாவில் கொண்டாடப்பட்டார். லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்து அமெரிக்கக் குடியுரிமையையே விட்டுவிட்டு வந்த ஃபிகர் ஸ்கேட்டிங் வீராங்கனை ஜு யீ, குழுப் போட்டியில் தடுமாறி விழுந்தபோது, சீனச் சமூக ஊடகங்களில் அவருடைய சீனமொழித் திறன்வரை எடுத்துவைத்துத் திட்டினார்கள். இருவரும் எடுத்தது ஒரே முடிவு. இருவருக்கும் கிடைத்த வரவேற்பைத் தீர்மானித்தது பனித்தரையில் கழிந்த சில நிமிடங்கள்.

சட்டமும் இந்தத் தேர்வில் ஓசையின்றி நுழைகிறது. சீனா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஜப்பானில், வேறொரு குடியுரிமையும் பிறப்பால் உடையவர் 22 வயதுக்குள் ஒன்றைத் தேர வேண்டும் என்ற சட்டம் இருந்ததால்தான், மூன்று வயதிலிருந்து அமெரிக்காவில் வளர்ந்த டென்னிஸ் வீராங்கனை நவோமி ஒசாகா 2019 அக்டோபரில், 22ஆவது பிறந்தநாளை ஒட்டி, ஜப்பானைத் தேர்வதாக அறிவித்தார். சிறுவயது முதலே அவரை ஜப்பான் சார்பில்தான் பெற்றோர் ஆட வைத்திருந்தார்கள். இரண்டு குடியுரிமையையும் வைத்துக்கொள்ள முடிகிற ஒருவருக்கும், ஒன்றைப் பெற இன்னொன்றைத் துறக்க வேண்டியவருக்கும் ஒரே அறிவுரையைச் சொல்ல முடியாது. பின்னவர் சட்டையை மட்டுமல்லாமல், சொத்து, வாக்கு, முதுமையில் தங்குமிடம் ஆகியவற்றையும் சேர்த்தே மாற்றிக்கொள்கிறார்.

மூன்றாவது வழி, நாடு ஒன்று பணமும் வசதியும் தந்து அழைப்பது. இதற்கு ஸ்டீபன் செரோனோவின் கதையைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் அறியேன். கென்யாவின் ஸ்டீபிள்சேஸ் வீரரான அவர் 2003இல் கத்தார் குடியுரிமை பெற்று, சயீஃப் சயீத் ஷாஹீன் என்று பெயரையும் மாற்றிக்கொண்டார். அந்த ஆண்டு ஆகஸ்டில் பாரிஸ் உலகத் தடகளப் போட்டியில் கத்தாருக்காகத் தங்கம் வென்றார். அந்தப் பந்தயத்தில் அவருடைய அண்ணன் ஆபிரகாம் செரோனோ கென்யாவின் சட்டையில் ஓடினார். மறு ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக். ஒலிம்பிக்கின் மூன்று ஆண்டு விதியைத் தளர்த்தக் கென்யாவின் சம்மதம் தேவைப்பட்டது, கென்யா மறுத்தது. உலகச் சாம்பியன் வீட்டில் இருக்க, 2004 ஆகஸ்ட் 24 அன்று கென்யர்கள் மூவரும் பதக்க மேடையை நிறைத்தார்கள். தங்கம் வென்ற எசெகியல் கெம்போயின் நேரம் 8 நிமிடம் 5.81 விநாடி. பத்து நாள் கழித்து, செப்டம்பர் 3 அன்று, பிரஸ்ஸல்ஸில் ஷாஹீன் 7 நிமிடம் 53.63 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். இறுதிப்போட்டிகள் நிதானமாகவே ஓடப்படும் என்பதை ஒப்புக்கொண்டாலும், அந்த ஆண்டில் உலகின் தலைசிறந்த ஸ்டீபிள்சேஸ் வீரர் யார் என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை. அந்தச் சாதனை 2023 ஜூன் வரை, ஏறத்தாழ 19 ஆண்டுகள் நின்றது. 2005இல் மீண்டும் உலகப் பட்டம் வென்றார். ஆனால் காயங்கள் குறுக்கிட்டதால் ஒலிம்பிக்கில் அவர் கடைசிவரை ஓடவே இல்லை.

அவர் பெற்ற பணத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஓட்டத்தை நம்பி வாழும் குடும்பங்களுக்கு நிலையான வருமானம் என்பது சிறிய விஷயம் அல்ல. என் மறுப்பு அழைக்கும் நாடுகளின் போக்கின்மீதுதான். இருபது வயதைச் சுற்றியுள்ள இளைஞரிடம் அவர் பெயரையும் சேர்த்து விலைக்கு வாங்குவதும், காயம்பட்டபின் அவருடைய நிலை என்ன என்பதை எழுத்தில் தராமல் இருப்பதும் விளையாட்டு வளர்ச்சி ஆகாது. 2018இன் 20 வயது வரம்பும் முழுக் குடியுரிமைச் சான்றும் இதற்கு ஓரளவு அணை போட்டிருக்கின்றன. இந்த வழியை எண்ணிப் பார்க்கும் எவரும் கேட்க வேண்டியவை மிகத் தெளிவானவை: ஒப்பந்தம் எத்தனை ஆண்டுகள், காயம்பட்டால் ஊதியம் தொடருமா, குடியுரிமை குடும்பத்துக்கும் உண்டா, ஓய்வுக்குப் பின் அது நிலைக்குமா, பழைய நாட்டின் ஒப்புதல் கடிதம் கையில் இருக்கிறதா. கடைசிக் கேள்விக்கு விடை இல்லாமல் கையெழுத்திடுவது, மூன்று ஆண்டுகளைப் பழைய சம்மேளனத்தின் மேசையில் அடகு வைப்பதற்குச் சமம்.

பணத்தின் தேவையே இல்லாமல், இயல்பாக வாழ்வு அமைந்த நாட்டைத் தேர்ந்தவர்களுக்கும் அந்தக் காலக்கணக்கு இரக்கம் காட்டுவதில்லை. 1990இல் மாணவராக டென்மார்க் சென்ற கென்யர் வில்சன் கிப்கெட்டர், 1995இல் டென்மார்க்குக்காக 800 மீட்டர் உலகப் பட்டம் வென்றார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அவர் ஓட முடியவில்லை. டேனிஷ் குடியுரிமை அதற்குள் கைக்கு வரவில்லை. 1997இல் 1 நிமிடம் 41.11 விநாடி என்று அவர் வைத்த உலக சாதனை 2010 வரை நீடித்தது. ஆனால் 2000 சிட்னியில் 0.06 விநாடியில் தங்கத்தைத் தவறவிட்டார், 2004இல் வெண்கலம். மூன்று உலகப் பட்டங்கள் பெற்றவருக்கு ஒலிம்பிக் தங்கம் இல்லை. டென்மார்க்கைத் தேர்ந்தது தவறு என்று நான் சொல்லவில்லை. விண்ணப்பம் போட்ட நாளும் உடலின் உச்சமும் ஒத்துவராமல் போனால் எதை இழக்க நேரிடும் என்பதற்கே இதைச் சொல்கிறேன்.

நாட்டோடு பிணக்கில்லாமல், அந்நாட்டின் சம்மேளனத்தோடு மட்டும் பிணக்கு ஏற்பட்டு வெளியேறுவோர் தனி வகை. தென்கொரியாவின் அன் ஹியுன்-சு 2006 டூரின் குளிர்கால ஒலிம்பிக்கில், குறுகிய பனித்தடத்தில் நடக்கும் ஷார்ட் டிராக் ஸ்கேட்டிங் பந்தயத்தில், மூன்று தங்கம் வென்றவர். 2008இல் முழங்காலில் காயம். 2010 ஒலிம்பிக் அணியில் இடமில்லை. அவர் சார்ந்திருந்த நகராட்சி அணியும் கலைக்கப்பட்டது. 2011இல் ரஷ்யக் குடியுரிமை பெற்று விக்டர் அன் ஆனார். 2014 சோச்சியில் ரஷ்யாவுக்காக மீண்டும் மூன்று தங்கமும் ஒரு வெண்கலமும். அங்கே ஷார்ட் டிராக்கில் தென்கொரிய ஆண்கள் அணிக்கு ஒரு பதக்கம்கூட இல்லை. கொரிய மக்களில் பெரும்பாலோர் அவர்மீது சினம் கொள்ளாமல் தங்கள் சம்மேளனத்தின்மீது பாய்ந்தார்கள். அதிபரே இதைப் பற்றிப் பேச வேண்டியதாயிற்று. ஒரு வீரரின் வெளியேற்றம் அவர் விட்டுச்சென்ற அமைப்பைப் பற்றிச் சொல்வது அதிகம் என்பதை அந்த ரசிகர்கள் சரியாகவே புரிந்துகொண்டார்கள். அவருக்குப் பின்வந்த லிம் ஹியோ-ஜுன், 2018 பியோங்சாங்கில் கொரியாவுக்குத் தங்கம் பெற்றுத் தந்துவிட்டு, 2020இல் சீனாவுக்கு மாறி லின் ஷியாவோஜுன் ஆனார். கொரியாவுக்காக அவர் கடைசியாக 2019 மார்ச்சில் போட்டியிட்டிருந்தார்; 2022 பிப்ரவரியில் பெய்ஜிங் ஒலிம்பிக் வந்தபோது மூன்று ஆண்டுகள் நிறைய ஏறத்தாழ ஒரு மாதம் பாக்கி. அந்த ஒரு மாதத்துக்காக அவர் நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

கடைசியாக, தேர்வு என்ற சொல்லே பொருந்தாத நிலைகள் இருக்கின்றன. பல்கேரியாவின் துருக்கிய சிறுபான்மையினரான நயிம் சுலைமானோக்ளுவின் பெயரை அந்நாட்டு அரசு வலிந்து மாற்றியது. 1986இல் மெல்பர்ன் போட்டிக்கு வந்த இடத்தில் அவர் தப்பித் துருக்கியில் அடைக்கலம் புகுந்தார். காத்திருப்பு விதியைத் தளர்த்தச் செய்யத் துருக்கி பல்கேரியாவுக்குப் பெருந்தொகை கொடுத்தது. 1988 சியோலில் தன் துருக்கியப் பெயரோடு பளுதூக்குதலில் தங்கம் வென்றார். 2016 ரியோவில் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் ஈரானியப் பெண்ணான டேக்வாண்டோ வீராங்கனை கீமியா அலிசாதே, 2020இல் நாட்டை விட்டு வெளியேறி, டோக்கியோவில் அகதிகள் அணிக்காகவும் பாரிஸில் பல்கேரியாவுக்காகவும் போட்டியிட்டு, பாரிஸில் வெண்கலம் பெற்றார். 2021இல் டோக்கியோவில் பயிற்சியாளர்களை விமர்சித்ததற்காக பெலாரஸ் வீராங்கனை கிறிஸ்சினா சிமனோஸ்கயாவைப் போட்டியின் நடுவிலேயே விமானம் ஏற்ற முயன்றார்கள்; விமான நிலையத்தில் காவலரிடம் உதவி கேட்டு, போலந்து போய்ச் சேர்ந்தார். அவருக்கான காத்திருப்புக் காலத்தைத் தடகளச் சம்மேளனம் 2023இல் குறைத்தது. காலமே விலை என்னும்போது, உயிருக்கும் மானத்துக்கும் அஞ்சி வந்தவரிடம் அந்த விலையைக் கேட்கக் கூடாது. ஒப்புதல் தர வேண்டிய பழைய நாடே அவரைத் துரத்திய நாடு என்றால் அந்த ஒப்புதலுக்கு என்ன பொருள்?

ஒக்சானா சுசோவித்தினாவின் கதையில் துரத்தியது நோய். சோவியத் ஒன்றியம், அது கலைந்தபின் முன்னாள் சோவியத் நாடுகளின் ஒருங்கிணைந்த அணி, பிறகு உஸ்பெகிஸ்தான் என்று ஆடிவந்த ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை அவர். 2002இல் மகன் அலிஷருக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சைக்காக ஜெர்மனியின் கொலோன் நகருக்குப் போனார். போட்டிகளில் கிடைத்த பணம் மருத்துவச் செலவுக்குப் போனது. 2006இல் ஜெர்மன் குடியுரிமை. 2008 பெய்ஜிங்கில், 33 வயதில், ஜெர்மனிக்காக, ஓடிவந்து மேசையைத் தாண்டும் வால்ட் பிரிவில் வெள்ளி. மகன் பிழைத்தான். பின்னர் மீண்டும் உஸ்பெகிஸ்தானுக்கே திரும்பி, 46 வயதில் டோக்கியோவில் தன் எட்டாவது ஒலிம்பிக்கில் அந்நாட்டுச் சட்டையோடு தாவினார்.

அப்படித் திரும்பி வரும் வழியைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை; நான் சேர்ப்பேன். தடகளத்தில் ஒருமுறை மாறியவர் பழைய நாட்டுக்குத் திரும்புவதை விதி தடுக்கவில்லை. ஒரே தரத்தில் இரண்டு அழைப்புகள் இருந்தால், பின்னால் கதவு திறந்திருக்கும் பக்கத்துக்குப் போவதே நல்லது. கால்பந்து இளைஞர் என்றால் நட்பு ஆட்டங்களோடு நின்று அதிகாரபூர்வ ஆட்டத்தைத் தள்ளிப்போட அவருக்கு முழு உரிமை உண்டு. டெக்லன் ரைஸ் 2018இல் அயர்லாந்துக்கு ஆடிய மூன்றும் நட்பு ஆட்டங்கள் என்பதால்தான் 2019இல் அவரால் இங்கிலாந்துக்கு மாற முடிந்தது. அயர்லாந்து ரசிகர்களுக்கு அது வலித்தது உண்மை. ஆனாலும் இருபது வயதில் எடுத்த நிதானம் அது.

எட் ஜாய்ஸும் திரும்பினார். 2011 உலகக் கோப்பையில் மீண்டும் அயர்லாந்துச் சட்டையில் இருந்தார்; பெங்களூருவில் இங்கிலாந்தை அயர்லாந்து வீழ்த்திய ஆட்டத்தில் அவரும் ஆடினார். 2017இல் அயர்லாந்துக்கு டெஸ்ட் தகுதி வந்தது. 2018 மே மாதம் டப்ளினை அடுத்த மாலஹைடில் பாகிஸ்தானுக்கு எதிராக அந்நாட்டின் முதல் டெஸ்ட் நடந்தது. முதல் நாள் முழுவதையும் மழை கொண்டுபோயிற்று. எதைத் தேடி ஒருகாலத்தில் நாடு மாறினாரோ அந்த டெஸ்ட் தொப்பியை, 39 வயதில், புறப்பட்ட இடத்திலேயே ஜாய்ஸ் பெற்றார். அந்த ஒரு டெஸ்டோடு ஓய்வு பெற்றார்.